வாவிக்கு வேண்டும் மீகணினிப் பயிற்சி

1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பில் விளைத்த நாசத்தை அறிந்தோர், காற்றின் கதியையும் வாவிநீரின் ஏற்றத்தையும் முற்கூட்டியே கணித்தறியும் சாஸ்திரம் இம்மண்ணுக்கு எத்துணை அவசியம் என்பதை மறுக்கமாட்டார்கள். மட்டக்களப்பு வாவியின் உவர்ப்பும் வெள்ளமும், கடலலை, மழை, ஆற்றுநீர், முகத்துவாரத்து மணல் என்னும் பல காரணங்களின் சேர்க்கையால் விளைவனவாதலின், பரப்பைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஆயிரக்கணக்கான செயலிகளால் ஒருங்கே கணக்கிடும் மீகணினியே அவற்றை நுணுகி ஆராய ஏற்ற சாதனமாகும்.

1991இல் பரம் 8000 என்னும் மீகணினியை உருவாக்கிய இந்தியா, 2015இல் தொடங்கிய தேசிய மீகணினித் திட்டத்தில் இயந்திரங்களோடு ஆய்வாளர் பயிற்சியையும் ஓர் அங்கமாகச் சேர்த்தது. அவ்வாறே, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு, தொலைவிலுள்ள மீகணினியை இங்கிருந்தே இயக்கும் அனுமதியையும், பல செயலிகளை ஒருங்கே இயக்கும் சமாந்தரக் கணிப்பு முறையில் ஒழுங்கான பயிற்சியையும் அளிப்பது இலங்கை அரசின் கடமை என்பதே என் துணிபு. இயந்திரம் வாங்கப் பொருள் சேரும்வரை காத்திராமல், அதனை ஆளவல்ல அறிஞரை இன்றே உருவாக்குவோமாக.