வலி நிஜமா, நடிப்பா?



எதிராளியின் விரல் பட்டதுமே, காலைப் பிடித்துக் கொண்டு நான்கு முறை உருளும் கால்பந்து வீரர்களை, 'டிவி'யில் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அமெரிக்கக் கால்பந்தில் இந்த நடிப்பு வேறு மாதிரி. அங்கே, யாரும் தொடாமலேயே விழுகிறார்கள்! சில சமயம், பயிற்சியாளர் சொல்லியே விழுகிறார்கள். இதைத் தடுக்க, அந்நாட்டுக் கல்லூரி ஆட்டங்களில், 2025ல் புது விதி ஒன்று வந்தது. அது போதுமா என்பதுதான் என் கேள்வி.

முதலில், ஆட்டத்தைத் தெரிந்து கொள்வோம். அமெரிக்கக் கால்பந்து, பெயரில்தான் கால்பந்து. பெரும்பாலும் கையால்தான் ஆடுவர். பந்தும் உருண்டையாக இருக்காது. இரண்டு முனையும் கூராக இருக்கும். அணிக்கு, 11 பேர். தலையில் ஹெல்மெட், தோளில் தடித்த கவசம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள், 10 கெஜம், அதாவது 30 அடி முன்னேற வேண்டும். முன்னேறினால், மறுபடியும் நான்கு வாய்ப்பு. இல்லாவிட்டால், பந்து எதிரணிக்குப் போய்விடும்.

ஒவ்வொரு வாய்ப்பும் சில விநாடிகளில் முடிந்து விடும். பிறகு, ஒரு சிறு இடைவெளி. அந்த நேரத்தில், பந்து வைத்திருக்கும் அணியினர் வட்டமாகக் கூடி நின்று, அடுத்து என்ன செய்வது என்று ரகசியம் பேசுவர்.

கடந்த 1980களில், சின்சினாட்டி நகரத்து 'பெங்கால்ஸ்' அணியின் பயிற்சியாளர் சாம் வைச், இப்படிக் கூடிப் பேசுவதையே பல நேரம் விட்டுவிட்டார். ஒரு வாய்ப்பு முடிந்ததா... உடனே அடுத்தது! தடுக்கும் அணிக்கு இளைப்பாற நேரம் கிடைக்காது. களைத்துப் போனவரை வெளியே அனுப்பி, புது ஆளை இறக்கவும் முடியாது. நல்ல தந்திரம்தான், அதில் பொய் எதுவும் இல்லை. பிற்காலத்தில், கல்லூரி அணிகள் பலவும் இந்த வேகத்தைப் பிடித்துக் கொண்டன.

தடுக்கும் அணியினர் என்ன செய்வர்? ஒருவர் அடிபட்டுக் கிடந்தால், நடுவர் ஆட்டத்தை நிறுத்தித்தானே ஆக வேண்டும்! எனவே, ஒருவர் 'பொத்'தென்று விழுவார். மருத்துவக் குழு ஓடி வரும். அதற்குள், மற்ற 10 பேரும் மூச்சு வாங்கிக் கொள்வர். விழுந்தவர் நொண்டிக் கொண்டே வெளியே போவார். ஒரே ஒரு வாய்ப்பு வெளியே இருந்துவிட்டு, மான் குட்டி போலத் துள்ளி வருவார்!

கடந்த 2011 செப்டம்பரில், நியூயார்க் 'ஜயன்ட்ஸ்' அணியில் நடந்தது இன்னும் வேடிக்கை. எதிரணி வேகமாக முன்னேறி வந்தபோது, ஒரே நேரத்தில் இரண்டு பேர் விழுந்தனர். அவர்களில் ஒருவர், சற்று நேரத்தில் எழுந்து விட்டார். பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? தொழில்முறை ஆட்டங்களை நடத்தும் 'என்.எப்.எல்.' அமைப்பு, தன் 32 அணிகளுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. நடித்தால் அபராதம், ஆடத் தடை, புது வீரர்களைத் தேர்வு செய்யும் உரிமை பறிப்பு என்றெல்லாம் மிரட்டியது.

மிரட்டுவது எளிது. நடிப்பு என்று நிரூபிப்பது எப்படி? 2022 டிசம்பரில், நியூ ஆர்லியன்ஸ் 'செயின்ட்ஸ்' அணியின் கேமரான் ஜோர்டன், ஆட்டத்தின் நடுவே கீழே விழுந்தார். நடிப்பு என்று முடிவு கட்டி, அணி, பயிற்சியாளர்கள், வீரர் எல்லாருக்குமாகச் சேர்த்து, ஐந்தரை லட்சம் டாலர் அபராதம் போட்டனர். 'காலில் நிஜமாகவே அடி' என்று அணி வாதாடியது. மேல்முறையீட்டில் அபராதம் ரத்தானது!

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். கணக்குப் பரீட்சை அன்று வயிற்றுவலி வரும் பையன்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்தே, 'இது நிஜ வலி, இது பொய் வலி' என்று சொல்லி விடுவதாக எந்த ஆசிரியர் சொன்னாலும், நான் நம்ப மாட்டேன். டாக்டருக்கே கஷ்டமான வேலையை, விசில் வைத்திருக்கும் நடுவர் தலையில் கட்டலாமா?

அதனால்தான், 2025ல் வந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வாய்ப்பு முடிந்ததும், அடுத்ததற்காக நடுவர் குழு பந்தைத் தரையில் வைக்கும். அப்படி வைத்த பிறகு, ஒருவரைப் பரிசோதிக்க மருத்துவக் குழு மைதானத்துக்குள் வந்தால், அவரது அணிக்கு ஒரு, 'டைம்-அவுட்' கழிக்கப்படும். ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியிலும், அணிக்கு மூன்று, 'டைம்-அவுட்' தான் உண்டு. அதுவும் தீர்ந்து போயிருந்தால், ஐந்து கெஜம் தண்டனை. மோதலில் அடிபட்டவர் பெரும்பாலும் மோதிய உடனே விழுவார். அவரால் அணிக்கு நஷ்டமில்லை. எழுந்து, தன் இடத்துக்கு நடந்து வந்து, ஓரமாக நிற்கும் பயிற்சியாளரை ஒரு பார்வை பார்த்துவிட்டு விழுபவரால்தான் நஷ்டம். நடுவர் யாரையும் பொய்யர் என்று சொல்ல வேண்டியதில்லை. பந்து வைக்கப்பட்டு விட்டதா என்று பார்த்தால் போதும்.

ஆனால், இதிலும் ஓட்டை இருக்கிறது. உங்களில் கெட்டிக்காரர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். பந்தை வைப்பதற்கு முன்பே விழுந்து விட்டால்? ஒன்றும் கழியாது! பழையபடி, ஒரு வாய்ப்பு வெளியே இருந்தால் போதும். இந்த ஒரு வாய்ப்பு என்பதை மாற்றி, எதிரணியிடம் அந்தப் பந்து இருக்கும் வரை வெளியே உட்கார வைக்க வேண்டும் என்பது என் கட்சி. நிஜமாக அடிபட்டவருக்கு எப்படியும் ஓய்வு தேவை. நடிப்பவருக்குத்தான் அது தண்டனை.

'அப்படியானால், நிஜமாக அடிபட்டவர் வலியை மறைத்துக் கொண்டு ஆட மாட்டாரா?' என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. எனக்கும் அந்தப் பயம் உண்டு. இந்த ஆட்டத்தில், இல்லாத வலியைக் காட்டுவதை விட, இருக்கும் வலியை மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

கடந்த 2022 செப்டம்பர் 25ல், மயாமி அணியின் டுவா டங்கோவைலோவா கீழே தள்ளப்பட்டு, தலை தரையில் மோதியது. எழுந்தவர் தள்ளாடினார். முதுகு வலியால் வந்த தள்ளாட்டம் என்று அணியினர் கூறினர். அவரும் திரும்பி வந்து ஆடினார். நான்கே நாட்களில், அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் தலையில் அடி. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அதன் பிறகு, அடுத்த மாதமே, தலையில் அடிபட்டுத் தள்ளாடினால் அந்த ஆட்டத்தில் மீண்டும் இறங்கக் கூடாது என்று விதியை இறுக்கினர்.

அதே 'என்.எப்.எல்.' அமைப்பில், இதற்கு முன்பே ஓர் ஏற்பாடு இருந்தது. விளையாட்டுக் காயங்களில் பயிற்சி பெற்றவர்கள், அரங்கின் மேல் தளத்தில் அமர்ந்து, வீரர்களைக் கவனித்துக் கொண்டே இருப்பர். யாராவது தடுமாறினால், ஆட்டத்தையே நிறுத்தும் அதிகாரம், 2015ல் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அப்படி நிறுத்தினால், எந்த அணிக்கும், 'டைம்-அவுட்' கழியாது. அதாவது, தனக்கு வலிக்கிறதா இல்லையா என்பதை வீரர் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை! கல்லூரி மைதானம் ஒவ்வொன்றிலும், இந்த அதிகாரத்தோடு ஒருவர் இருந்தால், விழுந்தவரை நீண்ட நேரம் உட்கார வைக்க யாரும் தயங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கல்லூரி வீரர்கள், உங்கள் அண்ணன் வயதுப் பையன்கள். யார் ஆட வேண்டும், யார் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பவர் பயிற்சியாளர். அவர், 'விழு' என்று சைகை காட்டினால், 19 வயதுப் பையன் என்ன செய்வான்? 2010ல், கலிபோர்னியா பல்கலைக்கழக அணி, வேகத்துக்குப் பேர் போன ஓரிகன் அணியோடு மோதியபோது, ஒரு வீரர் நடித்து விழுந்தார். விழச் சொன்னது துணைப் பயிற்சியாளர் என்று தெரிந்ததும், பல்கலைக்கழகமே அவரை ஓர் ஆட்டத்துக்கு விலக்கி வைத்தது.

கடந்த 2024 நவம்பரில், 16 பல்கலைக்கழகங்கள் சேர்ந்த 'எஸ்.இ.சி.' அமைப்பும் இதே வழியில் போனது. நடிப்பு என்று உறுதியானால், வீரரையும், தலைமைப் பயிற்சியாளரையும் பகிரங்கமாகக் கண்டிப்பர். ஆனால், பணம் கட்ட வேண்டியவர் தலைமைப் பயிற்சியாளர்தான். முதல் முறை, 50 ஆயிரம் டாலர். நம் பணத்தில், 40 லட்சம் ரூபாய்க்கு மேல்! இரண்டாம் முறை, ஒரு லட்சம் டாலர். மூன்றாம் முறை, அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவே கூடாது. என்னைக் கேட்டால், இந்த மூன்றாவது தண்டனையை, முதல் முறைக்கே வைத்திருக்க வேண்டும்.