ஏற்காத சாதனையும் நீக்காத சாதனையும்

கென்யா தேசத்து மாரத்தான் ஓட்டக்காரி ரூத் செப்ன்கெடிச் மூன்று வருஷ காலம் எந்தப் பந்தயத்திலும் கலந்துகொள்ளலாகாது என்று தடகள நேர்மைப் பிரிவினர் 2025 அக்டோபர் 23ந் தேதி அறிவித்தனர். தடை செய்யப்பட்ட மருந்தை உட்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. குற்றத்தை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதே அறிவிப்பின்படி, 2024 அக்டோபர் 13ந் தேதி சிகாகோ நகரில் அவர் 2 மணி 9 நிமிஷம் 56 விநாடியில் ஓடி நிலைநாட்டிய உலக சாதனை சாதனைப் பட்டியலிலேயே இருந்துவரும். இதைக் கேட்டுத் திகைத்தோர் பலர். தண்டனை உண்டு, ஆனால் கிரீடத்துக்குக் குறைவில்லை என்பது எந்த ஊர் நியாயம் என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி இயற்கையானதே. எனினும் ஆத்திரத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு ஆராய வேண்டிய விஷயம் இது.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2025 மார்ச் 14ந் தேதி அவரிடமிருந்து எடுக்கப்பட்ட சிறுநீர் மாதிரியில் ஹைட்ரோகுளோரோதயாஸைடு என்னும் மருந்து கண்டறியப்பட்டது. இது சிறுநீரைப் பெருக்கும் மருந்து. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு வைத்தியர்கள் கொடுப்பதுண்டு. வேறு ஊக்க மருந்துகளின் தடயத்தை நீர்த்துப்போகச் செய்ய உதவும் என்பதால் விளையாட்டு வீரர்களுக்கு இது விலக்கப்பட்டிருக்கிறது. ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராம் வரையில் இருந்தால் குற்றமாகக் கொள்வதில்லை. இவரிடம் இருந்ததோ சுமார் 3,800. உடல்நலமில்லாதபோது வீட்டுப் பணிப்பெண்ணின் மருந்தை வாங்கி உட்கொண்டதாக அவர் பின்னர் சமாதானம் கூறினார். விசாரித்தவர்கள் அந்த அசட்டையையே பெருங்குற்றமாகக் கருதி நான்கு வருஷத் தடை விதிக்க முற்பட்டனர். அவர் காலதாமதமின்றி ஒப்புக்கொண்டதால் ஒரு வருஷம் குறைந்தது. மாதிரி எடுத்த தினம் முதல் அவர் பெற்றவை யாவும் ரத்து. அதற்கு முந்தியவை நிலைக்கும். இதுவே தீர்ப்பின் சாரம்.

இதற்கு நேர்மாறான மற்றொரு சம்பவத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2019 அக்டோபர் 12ந் தேதி வியன்னா நகரத்துப் பிராட்டர் பூங்காவில், அதே கென்யா தேசத்து எலியுட் கிப்சோகே 42.195 கிலோமீட்டர் தூரத்தை 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில் ஓடி முடித்தார். மனிதனுடைய கால்கள் இரண்டு மணிக்குள் இத்தூரத்தைக் கடந்தது அதுவே முதல் தடவை. உலகமெங்கும் ஆரவாரம் எழுந்தது. ஆயினும் அது சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. துணை ஓட்டக்காரர்கள் 41 பேர் முறைமாற்றி உள்ளே வந்தும் வெளியே போயும் அவருக்குக் காற்றைத் தடுத்துக் கொடுத்தனர். முன்னே சென்ற மோட்டார் வண்டி ஒளிக்கோடு வீசி வேகத்தைக் காட்டியது. பானமோ சைக்கிளில் வந்தவர்களால் கையில் கொடுக்கப்பட்டது. அவரோடு போட்டியிட ஒருவரும் இல்லை. ஆகவே அது பந்தயமன்று, பரீட்சை என்று கணக்கில் சேர்க்காமல் விட்டனர். நடத்தியவர்களும் அதை முன்னரே அறிந்திருந்தனர்.

ஆக, மாசற்ற ஓர் ஓட்டம் ஏற்கப்படவில்லை. மாசுபட்டவர் ஒருவரின் ஓட்டம் நீக்கப்படவில்லை. மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இது தலைகீழ் நீதியாகவே தோன்றும். ஆனால் இரண்டிலும் செயல்பட்டிருப்பது ஒரே கோட்பாடுதான் என்பது நமது அபிப்பிராயம்.

சாதனை என்பது வெறும் எண் அன்று. எல்லோருக்கும் பொதுவான நிபந்தனைகளுக்குட்பட்டு, சாட்சிகளின் முன்னிலையில் பெறப்பட்ட எண்ணே சாதனை. குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் பின்னிருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேற்பட்டால், வீரன் எவ்வளவு வேகமாக ஓடினும் அது பட்டியலில் ஏறாது. 1954 மே 6ந் தேதி ஆக்ஸ்போர்டில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிஷம் 59.4 விநாடியில் ஓடியபோது அவருக்கும் இரு நண்பர்கள் வேகம் காட்டினர். ஆனால் பிரேஷரும் சாட்டவேயும் அவரோடு சேர்ந்து புறப்பட்டவர்கள். இளைப்பாறிவிட்டு நடுவில் புகுந்தவர்களல்லர். வியன்னாவில் அவ்வாறில்லை. எனவே கிப்சோகேயின் ஓட்டத்தை ஏற்காதது அவருக்கு இழைத்த அநீதியன்று. 2022ல் பெர்லின் நகரில், திறந்த பந்தயத்தில் 2 மணி 1 நிமிஷம் 9 விநாடியில் ஓடி முறைப்படியான உலக சாதனையும் அவர் நிலைநாட்டினார். விதிக்கு வணங்கியதால் அவர் கீர்த்தி குறைந்துவிடவில்லை.

செப்ன்கெடிச் விஷயத்திலும் இதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும். 2025 மார்ச் மாதத்துச் சிறுநீர் 2025 மார்ச் மாதத்துக்கே சாட்சி. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் சிகாகோவில் நடந்ததற்கு அது சாட்சியாகாது. முந்திய உலக சாதனையை ஒரேயடியாக 1 நிமிஷம் 57 விநாடி குறைத்தது ஒன்றே போதாதா என்று கேட்போருமுளர். போதாது என்பதே நமது விடை. 1968 அக்டோபர் 18ந் தேதி மெக்ஸிகோ நகரில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். அதற்கு முன்பிருந்த சாதனை 8.35 மீட்டர். ஒரே தாண்டலில் 55 சென்டிமீட்டர் முன்னேற்றம்! அந்நகரின் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. அன்று அவருக்குப் பின்னிருந்து வீசிய காற்றோ அனுமதிக்கப்பட்ட 2 மீட்டர் எல்லையிலேயே இருந்தது. ஆனாலும் அச்சாதனை 1991ல் டோக்கியோவில் மைக் பவல் 8.95 மீட்டர் தாண்டும் வரையில் நின்றது. வியப்பு வேறு, குற்றம் வேறு. வியப்பைக் குற்றத்துக்கு அத்தாட்சியாகக் கொள்ளத் தொடங்கினால், நாளை பிறக்கப்போகும் பீமன்களை இன்றே தண்டித்தவர்களாவோம்.

அத்தாட்சி கிடைத்தால் பழைய சாதனையையும் நீக்கலாம் என்பதற்கு முன்மாதிரி உண்டு. கனடா தேசத்து பென் ஜான்ஸன் 1988ல் ஸியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தூரத்தை 9.79 விநாடியில் ஓடினார். மூன்றாம் நாளே அவரது தங்கப் பதக்கம் பறிபோயிற்று. ஆனால் 1987ல் ரோம் நகரில் அவர் ஓடிய 9.83 விநாடி உடனே அழிக்கப்படவில்லை. கனடா அரசாங்கம் அமைத்த விசாரணையில், முன்னரே மருந்து உட்கொண்டு வந்ததாக அவர் வாக்குமூலம் கொடுத்த பிறகே அதுவும் நீக்கப்பட்டது. அத்தாட்சியின் பின் தண்டனை செல்ல வேண்டும். தண்டனையின் பின் அத்தாட்சியைத் தேடிச் செல்லலாகாது. செப்ன்கெடிச்சின் கைபேசியிலிருந்து கிடைத்த விவரங்களைப் பற்றிய விசாரணை தொடருமென்று நேர்மைப் பிரிவினர் தெரிவித்ததும் முறையே. சிகாகோ ஓட்டத்தைக் குறித்து உண்மையான அத்தாட்சி கிடைக்குமாயின், அன்று அச்சாதனையை நீக்கத் தயங்கலாகாது.

இவ்விடத்தில் வேறொரு கேள்வியையும் எழுப்பாமலிருக்க முடியாது. கென்யப் பெண்ணின் சாதனையை உடனே அழித்துவிட வேண்டுமென்று குரலெழுப்புவோர், பட்டியலின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்ததுண்டா? பெண்கள் 800 மீட்டரில் செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராடோக்விலோவா 1983ல் ஓடிய 1 நிமிஷம் 53.28 விநாடியும், 400 மீட்டரில் கிழக்கு ஜெர்மனியின் மாரிடா கோக் 1985ல் ஓடிய 47.60 விநாடியும் நாற்பதாண்டுகள் கடந்தும் அசையவில்லை. 2025 செப்டம்பரில் டோக்கியோவில் அமெரிக்காவின் ஸிட்னி மக்லாக்லின் 47.78 விநாடியில் ஓடியும் கோக்கின் எண்ணை எட்ட முடியவில்லை. இவ்விருவரும் எந்தப் பரிசோதனையிலும் அகப்பட்டவர்களல்லர். ஆனால் கிழக்கு ஜெர்மனியில் அரசாங்கமே திட்டமிட்டு வீரர்களுக்கு ஊக்க மருந்து கொடுத்து வந்தது என்பது 1990க்குப் பின் அத்தேசத்து ஆவணங்களாலேயே வெளியாயிற்று.

இச்சங்கடத்தைத் தீர்க்க 2017ல் ஐரோப்பியத் தடகள ஸ்தாபனம் ஒரு யோசனை கூறியது. 2005க்கு முற்பட்ட சாதனைகளை ஒட்டுமொத்தமாகப் பட்டியலிலிருந்து விலக்கிவிடலாம் என்பது அது. 2003ல் லண்டனில் 2 மணி 15 நிமிஷம் 25 விநாடியில் மாரத்தான் ஓடிய பௌலா ராட்கிளிஃப் இதைப் பலமாக எதிர்த்தார், யோசனையும் நிறைவேறவில்லை. அது நிறைவேறாதது நன்றே. களையோடு பயிரையும் சேர்த்துப் பிடுங்குவது வேளாண்மையாகாது. ஆனால் ஐரோப்பியரின் சாதனைகளுக்கு அளித்த இப்பொறுமையை ஆப்பிரிக்கரின் சாதனைகளுக்கும் அளிப்பதே நேர்மை. ராட்கிளிஃப்புக்கு ஒரு சட்டம், நைரோபிக்கு ஒரு சட்டம் என்றிருக்கலாகாது.

ஓட்டப்பந்தயத்தைப் பற்றி இவ்வளவு தர்க்கம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அந்நியர் ஆதிக்கத்துக்கு ஆளான தேசங்களுக்கு இது வெறும் விளையாட்டு விஷயமன்று. 1936ல் இத்தாலிய சேனை ஆடிஸ் அபாபாவுக்குள் நுழைந்தது. மறு வருஷம் ஆக்ஸும் நகரத்துக் கல்தூண் ஒன்று ரோமாபுரிக்குக் கொண்டு போகப்பட்டது. 1960 செப்டம்பர் 10ந் தேதி இரவு, அதே ரோமாபுரியின் வீதிகளில், அந்தத் தூண் நின்ற இடத்தின் வழியாகவே, எத்தியோப்பிய மெய்க்காவற்படை வீரர் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடினார். கான்ஸ்டன்டைன் வளைவின் கீழ் 2 மணி 15 நிமிஷம் 16 விநாடியில் அவர் முடித்தபோது, அதுகாறும் எவரும் அவ்வளவு விரைவாக மாரத்தான் ஓடியதில்லை. 1963 டிஸம்பரில் விடுதலை பெற்ற கென்யாவோ ஐந்து வருஷம் முடியுமுன்னரே மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றது. அங்கே 1,500 மீட்டரில் அமெரிக்காவின் ஜிம் ரையனைப் பின்தள்ளிய கிப் கெய்னோவின் பெயர் இன்றும் அத்தேசத்தில் மங்கவில்லை. வேறு துறைகளில் உலகம் செவிசாய்க்க மறுத்த மக்களுக்கு, மறுக்க முடியாத சாட்சியாக நின்றது கடிகாரம் ஒன்றுதான். அந்தச் சாட்சியின் மேல் கறை படிவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

நஷ்டம் யாருக்கு? மருந்து உட்கொண்டவருக்கு மட்டுமன்று. 2025 ஜூலை 5ந் தேதி அமெரிக்காவின் யூஜீன் நகரில் கென்யப் பெண்கள் இருவர் ஒரே தினத்தில் இரு உலக சாதனைகள் புரிந்தனர். பியட்ரிஸ் செபெட் 5,000 மீட்டரை 13 நிமிஷம் 58.06 விநாடியில் ஓடி, 14 நிமிஷத்துக்குள் அத்தூரத்தைக் கடந்த முதற் பெண்ணானார். பெய்த் கிப்யேகான் 1,500 மீட்டரை 3 நிமிஷம் 48.68 விநாடியில் ஓடினார். அதன்பின் இரண்டு வாரங்களுக்குள் செப்ன்கெடிச்சின் பரிசோதனை முடிவு வெளியாயிற்று. இவ்விருவர் மேல் யாதொரு குற்றமும் கிடையாது. ஆயினும் ‘கென்யர்தாமே’ என்று உதட்டைப் பிதுக்குவோருக்கு இனி என்ன மறுமொழி சொல்வது? திருடனால் திருட்டுப் பொருளை இழப்பவன் ஒருவன். அவன் ஊராருக்கெல்லாம் வந்து சேரும் பழியை யார் துடைப்பது?

கென்யாவின் குறையை நாம் மறைக்க விரும்பவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் பெற்ற ஜெமிமா சும்காங் மறு வருஷமே அகப்பட்டார். 1,500 மீட்டரில் மும்முறை உலகப் பட்டம் வென்ற அஸ்பெல் கிப்ராப் தடைக்குள்ளானார். தடை பெற்ற கென்யர்களின் ஜாபிதா நீண்டுகொண்டே போகிறது. வருஷத்துக்கு 50 லட்சம் டாலர் வீதம் ஐந்து வருஷங்களுக்கு இவ்வேலைக்காகச் செலவிடுவதாக 2022ல் அத்தேசத்து அரசாங்கம் வாக்களித்த பின்னரே, தேசம் முழுவதற்கும் தடை வராமல் தப்பியது. ஈடன் போன்ற மலையூர்களில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் விடியுமுன் எழுந்து ஓடுகின்றனர். அயல்நாட்டுப் பந்தயம் ஒன்றில் ஜயித்தால் குடும்பம் முழுதும் கரையேறும். தோற்றால் மறுபடியும் வறுமைதான். இந்தத் தவிப்பைப் பயன்படுத்திக்கொள்ள மருந்துக் கடைக்காரனும் போலி வைத்தியனும் தரகனும் காத்திருக்கிறார்கள். தண்டனை வரும்போது அகப்படுகிறவர் ஓடியவர் மட்டுமே.

நம் தேசத்தார் இதைக் கண்டு எள்ளி நகையாட உரிமையற்றவர்கள். உலக ஊக்க மருந்துத் தடுப்பு ஸ்தாபனத்தின் 2023ம் வருஷத்துக் கணக்கில், இந்தியாவில் சோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 213ல் விலக்கப்பட்ட மருந்து காணப்பட்டது. ஐயாயிரத்துக்கு மேல் சோதித்த தேசங்களுள் விகிதாசாரத்தில் முதலிடம் நமக்கே. வேண்டாத இம்முதலிடத்தைப் பெற்ற நாம் கென்யாவுக்குப் புத்தி சொல்லுமுன் நம் வீட்டைப் பெருக்கிக்கொள்வது உசிதம்.

செய்ய வேண்டுவது யாது? சாதனை நிகழ்ந்த பிறகு அதை அழிப்பதா வைப்பதா என்று வாதாடுவதைவிட, நிகழுமுன்னரே நம்பிக்கைக்கு இடம் தேடுவது நலம். பெரிய பந்தயங்களில் முன்னிடத்துக்குப் போட்டியிடுவோரை, பந்தயத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே முன்னறிவிப்பின்றி, எத்தேசத்தாராயினும் சமமாகச் சோதித்துவர வேண்டும். உலக சாதனையன்று எடுத்த மாதிரிகளைப் பத்து வருஷமும் பாதுகாத்து, புதிய முறைகள் வந்தபோதெல்லாம் மறுபடி சோதிக்க வேண்டும். 2008, 2012 ஒலிம்பிக் பந்தயங்களின் மாதிரிகளை மறுபடி சோதித்ததில் நூற்றுக்கு மேற்பட்டோர் அகப்பட்டதை உலகம் கண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து விற்றவனையும் கொடுத்த வைத்தியனையும் லாபம் அடைந்த தரகனையும் சட்டத்தின் முன் நிறுத்த வேண்டும். ஓடுகிறவனை மட்டும் தண்டிக்கும் சட்டம் கிளையை வெட்டி வேரை வளர்க்கும் சட்டமேயாகும்.

சிகாகோவின் அந்த எண் பட்டியலிலிருந்து நீக்கப்படாதது சரியே. ஆனால் நீக்கப்படாத சாதனை எல்லாம் நம்பப்படும் சாதனையாகிவிடாது. கிப்சோகேயின் வியன்னா ஓட்டத்தைப் பட்டியல் ஏற்கவில்லை, ஜனங்கள் ஏற்றனர். செப்ன்கெடிச்சின் சிகாகோ ஓட்டத்தைப் பட்டியல் வைத்திருந்தது, ஜனங்களோ ஐயத்துடன் பார்க்கின்றனர். பட்டியலின் கணக்கும் ஜனங்களின் கணக்கும் வெவ்வேறாய் நெடுங்காலம் நடக்க முடியாது. இரண்டையும் ஒன்றாக்கும் பொறுப்பு உலகத் தடகளத்தை நடத்துவோரைச் சார்ந்தது. அதை அவர்கள் பாரபட்சமின்றி நிறைவேற்றினாலொழிய, ஈடன் மலைச்சாலையில் விடியுமுன் நேர்மையாக ஓடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அவளுக்குரிய நீதி கிட்டாது.