வாய் தொறக்காத புள்ள

இந்த இதழுக்குக் குழந்தைகளின் மனநலம் பற்றித் தலையங்கம் எழுதப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். "பஞ்சமி நெலம் கெடக்குது, சுடுகாட்டுப் பாதை கெடக்குது, வன்கொடுமை வழக்கு கோர்ட்டுல தூங்குது. இதுல மனசு மண்ணாங்கட்டின்னு எழுதப் போறியா?" என்றார். மனசு என்பது கான்வென்ட் பிள்ளைகளுக்கும் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கும் உரிய சங்கதி என்று நம்மில் பலருக்கும் ஒரு நினைப்பு. சேரிப் பிள்ளைக்கு வயிறு மட்டும்தான் உண்டு என்று சாதி இந்து நினைக்கிறான். நாமும் அதையே நினைத்தால் எப்படி?

காடாம்புலியூர், பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில் இருக்கிறது. சுத்துப்பட்டு முழுக்க முந்திரி. எங்கள் காலனிப் பெண்களில் பலருக்குக் கொட்டை உடைப்பதும் தோல் உரிப்பதும்தான் பிழைப்பு. ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய் தோலை அரிக்கும், கறுக்க வைக்கும். ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளைகளின் விரலிலும் அந்தக் கறை ஏறும். சோப்புப் போட்டாலும் போகாது. காலையில் "கைய நீட்டு" என்கிற வாத்தியாருக்கு வேறு விசாரணையே தேவையில்லை.

எங்கள் மாலை வகுப்புக்கு மூணாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை வருகிறாள். தெருவில் அவள் போடுகிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். பாட்டு, சண்டை, கதை எல்லாம் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் ஒரு வார்த்தை கிடையாது. பேர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்றுகூடச் சொல்வதில்லை. இரண்டு வருஷமாக இப்படி. பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் அழுத்தக்காரி. அப்புறம் மந்தம். வூட்டுல "காத்து கருப்பு அடிச்சிருக்கு"ன்னு வேப்பிலை அடித்து, தாயத்தும் கட்டினார்கள்.

மருத்துவத்தில் இந்த நிலைக்குப் பெயர் இருக்கிறது. சில இடங்களில் மட்டும் பேச்சு அடைத்துப்போவது. பதற்றக் கோளாறுகளில் ஒன்று. பிள்ளை வீம்புக்காகப் பேசாமல் இருப்பதில்லை. பயம் தொண்டையைப் பிடிக்கிறது. பெரும்பாலும் ஐந்து வயசுக்கு முன்னாலேயே தொடங்கி, பள்ளியில் சேர்த்த பிறகுதான் வெளியே தெரியவரும். "பேசு, பேசு"ன்னு மிரட்டினால் கூடும். முதலில் தலையசைப்பு, பிறகு ஒரு தோழியிடம் கிசுகிசுப்பு, பிறகு ஒரு சொல் என்று அவசரப்படாமல் கூட்டிக்கொண்டு போனால் பல பிள்ளைகள் மீண்டு வருகிறார்கள்.

ஒண்ணாம் வகுப்பில் தண்ணீர் குடிக்கப் போனபோது நாலு பேர் முன்னால் அதட்டப்பட்டாள் என்று அம்மா சொல்கிறார். அதுதான் ஒரே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பிறவியிலேயே கூச்சம் கூடுதலான பிள்ளைக்கு, பதற்றம் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இது வர வாய்ப்பு அதிகம். ஆனால் அப்படிப்பட்ட பிள்ளையைக் கொண்டுபோய் அதட்டலின் நடுவில் உட்கார வைத்தால் என்ன ஆகும்?

ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிற தோழர்கள் எரிக்சனைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆறு வயசிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளை 'என்னால முடியும்' என்ற நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் தாழ்வு மனப்பான்மை வேர்விடும் என்கிறார். மதிப்பெண் வாங்கியதோடு அதை மூடிவைத்துவிடுகிறோம். அண்ணல் அம்பேத்கருக்கு அந்த வயசில் கிடைத்தது ஒரு தனிக் கோணிச்சாக்கு. பள்ளியைப் பெருக்குகிறவர் அதைத் தொடமாட்டார் என்பதால் தினமும் வீட்டுக்குத் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம்தான். அதைத் தாண்டி அவர் எழுந்தார் என்று மேடைதோறும் பேசுகிறோம், சரி. அதே கோணியில் உட்கார்ந்து எழ முடியாமல் போன லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பற்றி யார் பேசுவது?

தாழ்வு மனப்பான்மை ரத்தத்தில் ஊறியது என்று இன்னமும் சொல்கிற மேதாவிகளுக்கு ஒரு சேதி. உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பேர் நடத்திய ஆய்வு 2004ல் வெளிவந்தது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள்: உயர்த்தப்பட்ட சாதிகளில் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதியில் 321 பேர். வழி கண்டுபிடிக்கும் புதிர்ப் படங்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாமல் போடச் சொன்னபோது இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. எல்லார் முன்னாலும் பேரையும் சாதியையும் வாசித்த பிறகு போடச் சொன்னபோது நம் பிள்ளைகளின் எண்ணிக்கை சரிந்தது. மூளை அதேதான், புதிரும் அதேமாதிரிதான். உரக்க வாசிக்கப்பட்ட சாதி ஒன்றுதான் கூடுதல். நம் பள்ளிகளில் 'ஸ்காலர்ஷிப் புள்ளைங்கள்லாம் எழுந்திரு' என்று வகுப்பு நடுவே கூப்பிடுகிறார்களே, அது வேறென்ன?

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் 253 கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளையைக் காட்டினார்கள். 1954ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இவர்களுடைய ஆய்வும் மேற்கோளானது. ஒரு குழந்தையின் மனக்காயம் அங்கே சட்டத்தை அசைக்கும் சாட்சியமாயிற்று.

இங்கே? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார்கள். வெட்டியது கூடப் படித்தவர்கள். அதற்கு முன் சில நாட்கள் அந்த மாணவன் பள்ளிக்கே போகாமல் இருந்தான். பள்ளிக்குப் போக மறுப்பது பிள்ளை மனசின் முக்கியமான அபாய அறிவிப்பு என்று எந்த உளவியல் புத்தகத்திலும் இருக்கும். நம் பள்ளிகளில் அதற்குப் பெயர் 'ஆப்சென்ட்'. (அடுத்த ஆண்டு அவன் 600க்கு 469 வாங்கினான். அதைக் கொண்டாடியவர்கள், அவன் ராத்திரி தூங்குகிறானா என்று கேட்டிருப்பார்களா?) வெட்டிய பையன்களும் பிள்ளைகள்தான். கையில் கலர் கயிறு கட்டி, இவனைவிட நீ ஒசத்தி என்று ஊட்டி வளர்க்கப்பட்ட மனசும் நோய்ப்பட்ட மனசுதான். அதற்கு யாரும் தாயத்துக் கட்டுவதில்லை.

நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, 500 மாணவர்களுக்கு மேல் படிக்கிற பள்ளிக்கு ஒரு பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. நல்லது. ஆனால் எங்கள் மூணாம் வகுப்புப் பிள்ளை படிக்கிற தொடக்கப் பள்ளியில் ஏது 500 பேர்? காயம் படுகிற வயசு ஒன்றாகவும் ஆள் போடுகிற வயசு வேறாகவும் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாமே சாதிதான் என்று நாம் முடித்துவிட்டால் பிள்ளைக்குத் துரோகம் செய்கிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறவனுக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம். ஒரு நிமிஷம் உட்காராதவனுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கலாம், அல்லது ராத்திரி பத்து மணிவரை கொட்டை உரித்த தூக்கக் கலக்கமோ, காலையில் சாப்பிடாத பசியோ, ரத்தசோகையோ இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்? குழந்தைக்கு வரும் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வராது. எரிச்சலாக, வயித்து வலியாக, தலைவலியாக வரும். ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கின்றன. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு. டவுன்ல இருக்குற அப்பா அம்மா அந்தக் காகிதத்த வாங்கிடுறாங்க. நம்ம புள்ளைக்குக் கிடைக்கிற சான்றிதழ் 'மக்கு'.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996லேயே நாட்டில் தொடங்கியது. 2017ன் மனநலச் சட்டம் சிகிச்சையை உரிமை என்கிறது. 14416க்குப் போன் செய்தால் பேசவும் ஆள் உண்டு. எல்லாம் இருக்கிறது, காலனி வாசலுக்கு மட்டும் வருவதில்லை. கடலூருக்கோ ஜிப்மருக்கோ போக ஒரு நாள் கூலி போகும். ஒரு தடவை போனால் தீருகிற வைத்தியமுமில்லை.

அல்ஜீரியாவில் மனநல மருத்துவராயிருந்த ஃபனான், காலனி ஆதிக்கம் பைத்தியமாக்கிய மனிதர்களை மருத்துவமனைக்குள் குணப்படுத்தி என்ன பயன் என்று 1956ல் வேலையைத் துறந்தார். நம் தோழர்களுக்கு அந்த ராஜினாமா மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன் மூன்று வருஷம் ஒவ்வொரு நோயாளியாய் உட்கார்ந்து பார்த்தவரும் அவர்தான்.

நான் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் ஜிப்மருக்குப் போகலாம் என்றேன். "நா வர்றேன் தம்பி, கூலி போனாப் போவுது. மருந்து குடுத்து புள்ள பேசிட்டா, அந்த டீச்சரு மறுபடி அதட்டாம இருப்பாங்களா?" என்று கேட்டார். டாக்டரிடம் பிள்ளையைக் காட்ட வேண்டும், பள்ளிக்கூடத்தையும் கேள்வி கேட்க வேண்டும். ரெண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டிய வேலை.

மாதம் ஒரு நாளாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவர், தொடக்கப் பள்ளிகளுக்கும் உளவியல் ஆலோசகர், சாதி சொல்லி எழுப்புவதற்கும் அதட்டுவதற்கும் துறை நடவடிக்கை என்று கலெக்டருக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். காலனி காலனியாகக் கையெழுத்து வாங்கப் போகிறோம். பி.எட்., உளவியல் படிக்கிற தோழர்கள் இரண்டு நாள் ஒதுக்கி வாங்க. வீடுகளில் "உங்க புள்ள எப்படிப் படிக்குது"ன்னு ஆரம்பிக்காதீங்க. தூங்குதா, சாப்புடுதா, பள்ளிக்கூடம் போக அழுவுதா, யாரோட வெளையாடுதுன்னு கேளுங்க. சொல்றத அப்படியே எழுதிட்டு வாங்க.