மினி மோட்டார் வண்டி கற்பிக்கும் பாடம்

பிரிட்டிஷாரின் புத்திக் கூர்மைக்கு அடையாளமாக உலகெங்கும் காட்டப்படும் பொருள்களுள் மினி என்னும் சிறு மோட்டார் வண்டியும் ஒன்று. ஆக்ஸ்போர்டு நகரையடுத்த கௌலியில் அப்பெயருடைய வண்டிகள் இன்றும் செய்யப்பட்டு வருகின்றன. ஆனால் தொழிற்சாலையும் பெயரும் பி.எம்.டபிள்யூ. என்னும் ஜெர்மன் கம்பெனிக்குச் சொந்தம். ஆங்கிலேயர் ஆக்கிய பொருள் அன்னியர் கைக்குச் சென்றது எவ்வாறு? சுதேசத் தொழில்களின் வளர்ச்சியில் கருத்துடையோர் அனைவரும் இதை ஆராய்தல் வேண்டும்.

1956-ஆம் ஆண்டில் பிரிட்டன் எகிப்தின்மீது படையெடுத்தது. சூயஸ் கால்வாய் அடைபட்டது; கால்வாயை மீட்கச் சென்ற வல்லரசு தன் ஜனங்களுக்குப் பெட்ரோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிலைக்கு வந்தது. ஜெர்மானியரின் குமிழி போன்ற சிறு வண்டிகள் லண்டன் வீதிகளில் பெருகின. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவராயிருந்த ஸர் லியோனார்டு லார்டு இதைப் பொறாதவராய், குடும்பத்தினர் ஏறிச் செல்லத்தக்க சிறிய வண்டியொன்றை அமைக்குமாறு அலெக் இஸிகோனிஸ் என்ற நிபுணரைப் பணித்தார்.

ஸ்மிர்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய இஸிகோனிஸ் செய்த வேலை அற்புதமானது. எஞ்சினை அவர் குறுக்கே திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை அதன் அடியிலேயே அடக்கினார். முன் சக்கரங்களே வண்டியை இழுக்கும்படி செய்தார். சக்கரங்களின் அளவு 10 அங்குலம். வண்டியின் நீளம் 10 அடி. அதற்குள் நால்வர் அமர இடம் கிடைத்தது. 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி வெளிவந்த இவ்வண்டி, மாண்டி கார்லோ பந்தயத்தில் 1964, 1965, 1967-ஆம் ஆண்டுகளில் வெற்றி பெற்றது. 2000-ஆம் ஆண்டு வரை 53 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன.

புகழ் இவ்வாறு வளர, லாபம் வளரவில்லை. தொடக்க விலை வரியுட்பட 496 பவுன். போட்டியாளரான போர்டு கம்பெனியார் ஒரு வண்டியை வாங்கி, ஆணி ஆணியாகப் பிரித்து அடக்க விலையைக் கணக்கிட்டு, இது நஷ்டத்துக்கே விற்கப்படுகிறதென்று முடிவு கட்டினர். ஆஸ்டின், மாரிஸ் கம்பெனிகள் 1952-லேயே ஒன்றாகியிருந்தும், ஒரே வண்டி இரண்டு பெயர்களில் இரண்டு வியாபாரக் கூட்டத்தாரால் விற்கப்பட்டது. பெயரளவில் ஐக்கியம், செலவிலோ இரட்டைக் குடித்தனம்.

1968-ல் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெரிய ஸ்தாபனம் உருவாயிற்று. 1975-ல் அது சர்க்காரின் கைக்கு வந்தது. அதன் வீழ்ச்சிக்குத் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களே காரணமெனச் சொல்வாருளர். வேலைநிறுத்தங்கள் மிகுந்திருந்தது உண்மையே. ஆயினும் லாபத்தின் பெரும்பகுதி பங்குதாரருக்குப் பகிரப்பட்டதென்றும், புது இயந்திரங்களுக்குப் போதிய முதல் போடப்படவில்லையென்றும் அவ்வாண்டு வெளிவந்த ரைடர் அறிக்கையே கூறிற்று. விதைநெல்லை உண்டவன் விளைச்சலில்லையென்று உழவனை நோவதில் நியாயமுண்டா? தொழில் 1988-ல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்கும், 1994-ல் பி.எம்.டபிள்யூ.வுக்கும் விற்கப்பட்டது. 2000-ல் ஜெர்மானியர் மினியை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பகுதியைக் கைவிட்டனர். எஞ்சிய எம்.ஜி. ரோவர் 2005-ல் முறிந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர்.

இதைக் கண்டு மகிழ்தல் நமக்கு அழகன்று. 2008-ல் டாடா கம்பெனியார் ஜாகுவார், லாண்ட்ரோவர் தொழில்களை வாங்கியபோது நம்மவர் பெருமிதங் கொண்டது இயல்பே. ஆனால் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அம்பாஸிடர் என்ற பெயரில் நாமே பல்லாண்டுகள் செய்துவந்ததையும் மறத்தலாகாது. வெளிநாட்டுப் போட்டியைச் சர்க்கார் தடுத்து நின்ற காலத்தில் அதைப் புதுப்பிக்க அவசரமில்லாதிருந்தது. தடை நீங்கியபின் அவகாசமில்லாது போயிற்று. 2014-ல் உத்தரபாராத் தொழிற்சாலை மூடப்பட்டது.

அறிவாளிகள் இருந்தமையால் மட்டும் பிரிட்டிஷ் தொழில் பிழைக்கவில்லை. பாதுகாப்பு இருந்தமையால் மட்டும் நம் தொழிலும் பிழைக்கவில்லை. அடக்க விலையை அறிந்து விற்பதும், லாபத்தில் ஒரு பங்கை மறு விதைப்புக்கு வைப்பதும், தொழிலாளரைக் கூட்டாளிகளாக நடத்துவதும் தொழிலின் மூன்று தூண்கள். இவற்றைக் காவாத தேசம் சுதேசி என்ற பெயரை எத்தனை முறை உச்சரித்தாலும், அதன் தொழிற்சாலைகளின் சாவி ஒருநாள் பிறர் கைக்குப் போயே தீரும்.