இருபது நிமிடச் சந்தை



கல்லூரிக் கூடைப்பந்தில் முதல் பாதியில் எந்த அணி முந்தும் என்று போனில் பணம் வைத்துவிட்டு, "இது சூதாட்டம் இல்லை அக்கா, மார்க்கெட்" என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள்.

அந்த மார்க்கெட்டில் நீங்கள் "ஆம்" என்று 55 சென்ட் வைத்தால், "இல்லை" என்று 45 சென்ட் வைக்க இன்னொருவர் வேண்டும். ஜெயித்தவருக்கு ஒரு டாலர், தோற்றவருக்கு ஒன்றுமில்லை. உங்கள் லாபம் அடுத்தவர் இழந்த பணம்தான். அங்கே எதுவும் விளைவதில்லை. பெயர் மாறினாலும் அது பந்தயமே.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்துக்கு வயது 21. கால்ஷி போன்ற மார்க்கெட்டில் 18 போதும். ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பாதி 20 நிமிடம். தோற்றவர் இடைவேளையிலேயே விட்டதைப் பிடிக்க மறுபடி பணம் வைக்கலாம். உடனே முடிவு, உடனே அடுத்த வாய்ப்பு: மனதை அடிமையாக்குவது இதுதான் என்று நர்ஸாகச் சொல்கிறேன்.

களத்தில் ஓடுகிறவனும் உங்கள் வயது மாணவன். கல்லூரி வீரர்களுக்கு லஞ்சம் கொடுத்து மோசமாக ஆடவைத்ததாக 2026 ஜனவரியில் பிலடெல்பியாவில் தொடுத்த வழக்கில் முதல் பாதிப் பந்தயங்களும் வருகின்றன. முழு ஆட்டத்தையும் தோற்க வேண்டாம். 20 நிமிடம் தடுமாறினால் போதும். அந்தச் சோதனையை அவன்முன் வைப்பது நம் பணம்.

ஆட்டத்தைப் பாருங்கள், ஆரவாரம் செய்யுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் இன்றே வீட்டில் சொல்லுங்கள். பெற்றோரே, திட்டுவதற்கு முன் முழுவதையும் கேளுங்கள்.