கையுறை வேண்டாம், கயிறும் வேண்டாம்



பழைய மாணவர்கள் சிலர் நல்ல மனதோடு கேட்டார்கள்: "சார், நம்ம ஊர் லேத் பட்டறையில வேலை பாக்குற பையங்களுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கிக் குடுப்போமா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். காரணத்தை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

வெல்டிங்குக்குக் கையுறை வேண்டும். ஓடுகிற லேத்துக்கு அது எமன். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள் (வாத்தியார் புத்தி, விடாது). நிமிடத்துக்கு 500 சுற்று என்பது லேத்துக்குப் பெரிய வேகமே இல்லை. அதுவே நொடிக்கு 8 சுற்றுக்கு மேல். சக்கில் மாட்டிய ஜாப் 50 மில்லிமீட்டர் விட்டம் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். துணி நுனி சிக்கினால் ஒரே நொடியில் 130 சென்டிமீட்டர் இழுத்துச் சுற்றிவிடும். ஆபத்து என்று மூளைக்கு எட்டிக் கை அசையவே கால் நொடி ஆகும். அதற்குள் 30 சென்டிமீட்டருக்கு மேல் போயிருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வைத்துப் பாருங்கள். வெறுங்கை உரசினால் தோல் கிழியும், கை தப்பிக்க வழி உண்டு. கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

"இரும்புச் சீவல் கையைக் கிழிக்குதே சார்" என்பார்கள். உண்மைதான், சுருள் சுருளாக, சூடாக வரும். அதைக் கையால் எடுப்பதுதான் தப்பு. மிஷினை நிறுத்திவிட்டு, வளைத்த கம்பியாலோ பிரஷ்ஷாலோ எடுக்க வேண்டும். ஓடும் ஜாப்பில் உப்புத்தாளைக் கையில் சுற்றிப் பிடித்துப் பளபளப்பு ஏற்றுவதும் இதே கதைதான். உண்மையிலேயே ஏதாவது வாங்கிக் கொடுக்க ஆசை என்றால் கண்ணுக்கு நல்ல கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தது கயிறு. கைக்கயிறு என்றாலே நம் மாவட்டங்களில் வேறு பேச்சு வந்துவிடும். பள்ளிகளில் அதைத் தடுக்கச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கையே கொடுத்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். கோயிலில் கட்டியதா, தர்காவில் கட்டியதா, சாதிக்காகக் கட்டியதா என்று சக்குக்குத் தெரியாது. மோதிரம், கைச்செயின், தொங்கும் துண்டு, பட்டன் போடாத முழுக்கைச் சட்டை எல்லாமே அதற்கு ஒன்றுதான். தலைமுடியும் அப்படித்தான். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், இரவில் தனியாக லேத் ஓட்டிய மாணவி ஒருவர் கூந்தல் சிக்கி இறந்துபோனார். சுவிட்சை அணைக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால், ராத்திரி பத்து மணிக்கு அவசரமாகப் பம்புசெட் ஷாஃப்ட் கடையும் நம் பையனை நினைத்துப் பாருங்கள்.

ஐடிஐ-யில் இரண்டு வருடம் டர்னர் படித்தவனுக்கு இதெல்லாம் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பத்தாம் வகுப்போடு நின்று நேராகப் பட்டறைக்குப் போகிறவனுக்கு யார் சொல்வது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-வது பிரிவு, ஓடும் இயந்திரத்தை நெருங்கிச் சோதிக்கிறவருக்கு உடம்போடு ஒட்டிய உடையை முதலாளியே தர வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடம் என்றால் பொதுவாக 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையாக இருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்தொகுப்பில் அந்த 10 என்பது 20 ஆகிவிட்டது. நம் பக்கத்துப் பட்டறைகளில் முதலாளியையும் சேர்த்து மூன்று பேர், நான்கு பேர். இன்ஸ்பெக்டர் எதற்கு வரப்போகிறார்? எண்ணிக்கையைக் கூட்டியது அநியாயம் என்பது என் கருத்து. சின்னப் பட்டறையில் சக் மெதுவாகவா சுற்றுகிறது?

ஆகவே இது பட்டறை முதலாளிகளின் கையில்தான் இருக்கிறது. பலர் என்னிடம் படித்தவர்கள், உரிமையோடு சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறீர்கள், சந்தோஷம். வாசலில் ஒரு ஆணி அடித்து வையுங்கள். வரும் பையன் கயிறு, மோதிரம், துண்டு எல்லாவற்றையும் அதில் மாட்டிவிட்டு உள்ளே வரட்டும். தெய்வக் குத்தம் ஆகிவிடாது. பெற்றோரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், பட்டறைக்குள் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். சக் கீயை சக்கிலேயே விட்டுவிட்டு யாராவது நகர்ந்தால், அந்த இடத்தில் மகனைச் சேர்க்காதீர்கள். சுவிட்சைத் தட்டிய நொடியில் அந்தச் சாவி யார் நெற்றிக்குப் பறக்கும் என்று சொல்ல முடியாது.