கம்பி அறுந்தது கையின் குற்றமா?



வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் மாமியார் வருவார், மருமகள் வருவார், படிக்காத பையன் வருவான். இம்முறை ஒரு பியானோ வந்திருக்கிறது!

கடிதம் பாசிர் கூடாங்கிலிருந்து. எழுதியவர் ஒரு தாய். பெயர் வேண்டாமென்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். பிறகு செம்பனையையும் அழித்து வீடு கட்டினார்கள். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. ஒரே மகள், வயது பதினான்கு. சீட்டுக் கட்டி, நகை அடகு வைத்து, அவளுக்கு ஒரு பழைய பியானோ வாங்கியிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன் அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம். கம்பி அறுந்துவிட்டது.

அப்பா, "பொம்பளப் பிள்ளை இப்படியா போட்டு அடிப்பது?" என்றாராம். தாத்தா, "அபசகுனம்" என்றாராம். அன்று மூடிய மூடியை அந்தப் பெண் இன்னும் திறக்கவில்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. "என் மகள் கையில்தான் குற்றமா, சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

தாத்தாவின் அபசகுனத்தை முதலில் முடித்துவிடுவோம். நம் சினிமாவில் வீணைக் கம்பி அறுந்தால் அடுத்த காட்சியில் தந்தி வரும். பார்த்துப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. பெரியவரிடம் ஒன்று கேளுங்கள், அம்மா. தோட்டத்தில் மங்கு மாட்டிய கம்பி எத்தனை முறை அறுந்திருக்கும்? அன்றெல்லாம் சகுனம் பார்த்தாரா, வேறு கம்பி கட்டினாரா?

மங்குக் கம்பியை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது எங்கே அறும்? நடுவிலே அறாது. வளைத்து முறுக்கிய இடத்தில்தான் துரு ஏறி, அங்கேதான் அறும். பியானோக் கம்பியும் பெரும்பாலும் அப்படியே. சுத்தியல் படும் இடத்தில் அறுவது குறைவு. முளையில் சுற்றியிருக்கும் சுற்றிலோ, ஆணியில் மடங்கும் மடிப்பிலோதான் போகும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று தெரிந்தால் அப்பாவுக்குக் கோபம் வராது. பியானோவுக்கு 88 கட்டை. உள்ளே சுமார் 230 கம்பி. கனத்த சுரத்துக்கு ஒன்று, அடுத்து இரண்டு, மேலே போகப் போக ஒரு கட்டைக்கு மூன்று. ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 70, 80 கிலோ பாரத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வளர்ந்த ஆள் ஒருவர் ஒவ்வொரு கம்பியையும் பிடித்துத் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15 முதல் 20 டன்! யாரும் தொடாமல் தூங்கும் நேரத்திலும் அந்த இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். பல வருடம் இப்படி இழுபட்டு, மடிப்பில் துருவும் ஏறிவிட்ட கம்பி, பத்து விரலில் ஏதோ ஒரு விரல் பட்ட நேரத்தில் அறுகிறது. அந்த விரலுக்குச் சொந்தக்காரர் மாட்டிக்கொள்கிறார்.

பாசிர் கூடாங் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜொகூர் நீரிணை பக்கத்திலேயே இருக்கிறது. வருடம் முழுக்க ஈரம். நம் நாட்டில் விற்கும் பழைய பியானோக்களில் பல ஜப்பானில் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை வாசித்தவை. நம் ஈரத்துக்கு வந்து சேரும்போதே அவற்றுக்கு வயதாகியிருக்கும்.

எனக்கு ஒரு ஞாபகம். என் அம்மா பங்களா வேலை பார்த்த தோட்டத்தில் துரைசாணியின் பியானோ ஒன்று இருந்தது. துரை குடும்பம் ஊருக்குப் போன பிறகு அது அங்கேயே கிடந்தது. ஒருநாள் அம்மாவோடு போனபோது மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கம்பியெல்லாம் செம்பட்டை முடி மாதிரி துருப் பிடித்து, நாலைந்து அறுந்து சுருண்டு கிடந்தன. யாரும் அடிக்கவில்லை. நான்கூடத் தொடவில்லை, சத்தியமாக!

சரி, பலமாக வாசித்துக் கம்பி அறுந்ததே கிடையாதா? உண்டு. பீத்தோவன் மோட்சார்ட்டின் இசை ஒன்றை வாசித்தபோது ஏடு புரட்டப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவருடைய நண்பர் ரைக்கா. ஏடு புரட்டியதைவிட, அறுந்த கம்பிகளைப் பிடுங்கி எறிந்ததுதான் தமக்கு வேலையாக இருந்தது என்று அவர் சொல்லி வைத்திருக்கிறார். பின்னால் வந்த லிஸ்ட் என்ற ஹங்கேரிக்காரரும் கம்பி அறுப்பதில் பேர் போனவர். அவர் அடியைத் தாங்கியதாலேயே வியன்னாவின் பூசன்டார்ஃபர் பியானோவுக்குப் பேர் வந்தது என்பார்கள். காரணம் என்ன? அன்றைய பியானோவின் உடம்பு மரம், கம்பி மெல்லியது. போஸ்டன் நகரத்தில் பாப்காக் என்பவர் 1825-இல் முழு இரும்புச் சட்டத்துக்கு உரிமம் வாங்கினார். சட்டம் இரும்பான பிறகே தடித்த எஃகுக் கம்பியை இப்படி இழுத்துக் கட்ட முடிந்தது. வாசிக்கிறவர் கை பெரிதாயிற்று, வாத்தியம் பின்னால் ஓடி வந்து சேர்ந்தது.

பொம்பளப் பிள்ளை என்றாரே, அதற்கும் ஒரு வார்த்தை. கிளாரா வீக் என்ற ஜெர்மன் பெண் ஒன்பது வயதில் மேடையேறியவர். 1838-இல், பதினெட்டு வயதில், வியன்னா அரசவையின் பட்டம் பெற்றார். அவருடைய அப்பாதான் அவருக்கு வாத்தியார்.

இது ஏதோ வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள். காரைக்காலுக்குப் பக்கத்தில் தருமபுரம் என்று ஓர் ஊர். திருநீலகண்ட யாழ்ப்பாணருடைய தாய் பிறந்த ஊர். திருஞானசம்பந்தர் பாட, பாணர் யாழில் இட்டு வாசித்து வந்தார். அந்த ஊரில் பாணரின் உறவினர்கள், பாட்டின் பெருமையே இவர் யாழால்தான் என்று பேசிவிட்டார்கள். பாணருக்குத் தாங்கவில்லை, சம்பந்தரிடமே முறையிட்டார். யாழில் அடங்காத ஒரு பதிகத்தை அவர் பாடினார். பாணர் வாசித்துப் பார்த்தார்; முடியவில்லை. யாழை உடைத்துவிட ஓங்கினார். சம்பந்தர் தடுத்தார் என்கிறது பெரியபுராணம். அதனால்தான் அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்று பேர். நரம்பு அறுந்ததாக நாம் பேச்சுவாக்கில் சொல்வதுண்டு. புராணத்தில் யாழ் உடையவில்லை. உடைக்கப் போன கையைத்தான் ஒருவர் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

அம்மா, உங்கள் வீட்டில் மூடிக் கிடக்கும் அந்த மூடியை யார் போய்த் திறக்க வேண்டும் தெரியுமா? திட்டிய அப்பாதான். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவருக்கு நைந்துபோன இரும்பு வடத்தைப் பற்றி நாம் பாடம் நடத்த வேண்டாம்.

மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தோளையும் முழங்கையையும் விறைத்துக்கொண்டு கட்டையைக் குத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடட்டும். கட்டை இறங்கும்போது சுத்தியல் கம்பியை நோக்கி எறியப்படுகிறது. கம்பியைத் தொடுமுன் அது தனியே கழன்றுவிடும். அதற்குப் பிறகு கட்டையை எவ்வளவு நசுக்கினாலும் விரல்தான் வலிக்கும், நாதம் கூடாது. எவ்வளவு வேகமாக இறக்கினாள் என்பது ஒன்றே கணக்கு. வாத்தியாரிடம் கேட்டால் கையின் கனத்தைத் தளர விட்டு வாசிக்கக் காட்டித் தருவார்.

இனி வீட்டு வேலை. அறுந்த கம்பியை வெறுங்கையால் இழுக்காதீர்கள், முனை ஊசி. சுருதி சேர்ப்பவர் வந்து எடுக்கட்டும். பழைய கம்பியை அவரிடம் வாங்கி, அறுந்த இடத்தில் துரு இருக்கிறதா என்று வீட்டில் எல்லோரும் பாருங்கள். தாத்தாவும்தான். மற்றக் கம்பிகளின் நிலை என்ன, சுத்தியல் கம்பளம் பள்ளம் விழுந்து கெட்டியாகிவிட்டதா என்றும் கேளுங்கள். பல காலம் சுருதி சேர்க்காத பியானோவை ஒரேயடியாக ஏற்றினால் இன்னும் நாலு அறும். விவரம் தெரிந்தவர் முதலில் முளையைக் கொஞ்சம் தளர்த்தி, துருப் பிடிப்பை விடுவித்த பிறகே ஏற்றுவார். ஈரத்துக்குப் பெட்டிக்குள் சிறிய சூட்டுக் குழாய் மாட்டுவதும் உண்டு, விலையை விசாரியுங்கள். பியானோவைச் சன்னலோரத்திலிருந்து நகர்த்தச் செலவே இல்லை.

புதுக் கம்பி சில வாரம் தளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று முறை வந்து ஏற்றித் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பரீட்சைத் தேதியையும் சொல்லிவிடுங்கள். இரண்டு மாதம் அதற்குப் போதும், ஆளை இந்த வாரமே கூப்பிட்டால்.